சீல் நம்பர் பொருந்தவில்லை

துறைமுக வாசலில் ஒரு காலத்தில் லாரிகள் வரிசையில் நின்றன என்பதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. ஜெயசீலி பழைய படங்களைக் காட்டுவாள். தூத்துக்குடி வெயிலில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை லாரிகள். அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் ஓட்டுநர்கள், பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சோறு பொங்குகிறவர்கள். ஒரு காகிதம் இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போய்க் கையெழுத்தாகி வரும்வரை அவர்கள் அங்கேயே கிடந்தார்கள். சில சமயம் இரண்டு நாள்.

விரைகதி நிறுவனத்தின் மின்சீட்டு வந்தபிறகு அதெல்லாம் போய்விட்டது. கப்பல் கரை சேரும் முன்பே சரக்கின் சீட்டு சுங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் போய்ச் சேர்ந்துவிடும். லாரி நெருங்கும்போதே கதவு திறக்கும். சரக்கை இறக்கி முடிப்பதற்குள் அடுத்த சரக்கின் சீட்டு ஓட்டுநரின் திரையில் வந்து நிற்கும். காத்திருப்பு நேரம் பூஜ்யம் என்று நிறுவனம் எல்லா இடத்திலும் விளம்பரம் செய்தது. அந்தப் பூஜ்யத்தைக் கொண்டுவந்தவர்களில் ஜெயசீலியும் ஒருத்தி.

இப்போது அந்தப் பூஜ்யத்தில்தான் சிக்கல். மதுரை சாலையில் பந்தல்குடிக்கு அருகே நிறுவனத்துக்கு ஒரு சோதனைத் தளம் இருந்தது. சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளின் திரை திடீரென்று மஞ்சளாகி, ‘சீல் நம்பர் பொருந்தவில்லை. தளத்துக்குள் செல்லவும்’ என்றது. ஆள் போய்ப் பார்த்தால் கதவில் தொங்கும் சீலும் சீட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் திரை அசையாது. சில மணி நேரம் கழித்துத் தானாகப் பச்சையாகிவிடும்.

“யாரோ கை வைக்கிறாங்க, ஜெயசீலி” என்றார் அவளுடைய மேலதிகாரி கிருபாகரன். “அந்தத் தளத்துப் பொறுப்பாளர் பேரு சேர்மக்கனி. பழைய லாரி டிரைவர். அவர்தான்னு நினைக்கிறேன். எனக்கு ஆள் வேணும். போய்ப் பாத்துட்டு வாங்க.”

சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் சரி என்று, காலையில் கரூருக்குக் கிளம்பிய ஒரு லாரியில் ஏறிக்கொண்டாள். கப்பலில் வந்த டயாலிசிஸ் திரவம், ஒரு சிகிச்சை மையத்துக்குப் போகிறது. ஓட்டுநர் நாச்சிமுத்து பரமத்தி வேலூர்க்காரர். ஐம்பதை நெருங்கிய, கனத்த உடம்பு. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பல்லிடுக்கில் ஒரு பச்சை மிளகாய்.

“காலங்காத்தாலயே மிளகாயாண்ணே?”

“கண்ணு சொருகுதுங்க அம்மிணி. காரம் ஏறுச்சுன்னா கொஞ்ச நேரம் தெளிவா இருக்கும்.”

“எப்ப தூங்குனீங்க?”

அவர் சிரித்தார். “அதெல்லாம் கேக்காதீங்க. நேத்து சென்னை, அதுக்கு முன்ன ஓசூரு. எறக்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த லோடு வந்துருது. வேண்டாம்னா மார்க்கு கொறையும். ரெண்டு தடவ கொறஞ்சா வண்டி வேற ஆளுக்குப் போயிரும்.”

“சரக்கு ஏத்தி இறக்குற நேரம் ஓய்வுதானே?”

“அந்த நேரத்துல பின்னால நின்னு கதவு தொறந்து விடறது யாருங்க? முன்னெல்லாம் துறைமுகத்துல வந்து நின்னா நிம்மதி. எவனும் கூப்பிட மாட்டான். நாங்க தூங்குனதெல்லாம் அந்த வரிசையிலதானுங்க. அப்ப ஆபீசரத் திட்டிக்கிட்டே தூங்குவோம்.”

ஏற்றி இறக்கும் நேரத்தை ஓய்வுக் கணக்கில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்த கூட்டத்தில் ஜெயசீலியும் உட்கார்ந்திருந்தாள். அன்று யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

நாச்சிமுத்துவின் அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. அவருடைய மகளுக்கு அதிகாலையில் வலி கண்டிருந்தது. தலைப்பிரசவம். “கரூர்ல எறக்கிட்டு ஒரே மிதி, ஊருக்குப் போயிருவேன்” என்று அவளிடமும் தன்னிடமுமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். கைபேசி ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் அவர் பார்வை சாலையை விட்டு நழுவியது. எட்டயபுரம் தாண்டியதும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக இடதுபுறம் ஒதுங்கிப் போவதையும், அவர் வெடுக்கென்று அதைத் திருப்புவதையும் அவள் கவனித்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பந்தல்குடி நெருங்கும்போது திரை மஞ்சளானது.

“அட, இன்னைக்குமா!” நாச்சிமுத்து ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தார். “போன வாரமும் இதே எடம். அதுக்கு முந்தியும். நீங்க ஆபீசுதானுங்க? அத எடுத்துவுடுங்க அம்மிணி. எம்புள்ள அங்க கத்திக்கிட்டுக் கெடக்கறா.”

“காரணம் என்னன்னு பாத்துட்டு எடுத்து விடுறேன்ணே. உள்ள விடுங்க.”

தளம் என்பது சுற்றுச்சுவர் கட்டிய பொட்டல். ஓரமாகச் சில வேப்பமரங்கள், தகரக் கூரை போட்ட ஓர் அறை. சேர்மக்கனி ஓடி வந்தார். மெலிந்த ஆள், காது மடலில் முடி நரைத்திருந்தது. அவள் அடையாள அட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“என்னையத்தான விசாரிக்க வந்திருக்கிய? நான் ஒண்ணும் பண்ணலம்மா. இந்த மஞ்சளப் போடவும் தெரியாது, எடுக்கவும் தெரியாது. வாற வண்டிக்கு சீலப் பாக்கேன், போட்டோ எடுக்கேன், அவ்வளவுதான்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணாச்சி.”

“நீங்க சொல்லல. உங்க ஆபீசுல இருந்து போன வாரம் போன் வந்துச்சு. போலீசுக்குப் போவோம்னாவ.”

அவள் மடிக்கணினியைத் திறந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு மஞ்சளுக்குப் பின்னாலும் அதைப் போட்டவரின் பெயர் இருக்க வேண்டும். இந்த லாரிக்கு இல்லை. போன வாரத்து லாரிகளுக்கும் இல்லை. யாரும் தொட்ட தடயமே இல்லாமல் சீட்டு தானாக மஞ்சளாகியிருந்தது. எண்களை ஒப்பிட்டாள். எல்லாம் பொருந்தின. பொருந்துகிற ஒன்றைப் பொருந்தவில்லை என்று எப்படிச் சொல்கிறது?

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அவளிடம் வந்து கெஞ்சினார், பிறகு சத்தம் போட்டார். பிறகு இருக்கைக்குப் பின்னாலிருந்த பலகையில் ஏறி, “ரெண்டு நிமிசம் முதுகச் சாய்க்கறேன், பச்ச வந்தா ஒரு சத்தம் குடுங்க” என்றார். அடுத்த பேச்சுக்கு இடமில்லாமல் தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. ஒரு செருப்பு காலிலேயே இருந்தது.

அப்போதுதான் கரூரிலிருந்து அழைப்பு வந்தது. சிகிச்சை மையத்துச் செவிலி; அலுவலகம் ஜெயசீலியின் எண்ணைக் கொடுத்திருந்தது. குரலில் அழுகை இல்லை, அதைவிட மோசமான ஒரு நிதானம் இருந்தது.

“மேடம், கையிருப்புல இருந்ததக் காலைலயே ஏத்திட்டோம். அடுத்த ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. ஒரு அம்மாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்குது. வண்டி கிளம்பிருச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“இதோ கிளம்பிரும்” என்று சொல்லிவிட்டு ஜெயசீலி எழுந்தாள். காரணம் தெரியாவிட்டால் போகிறது, மஞ்சளை நீக்கிவிடலாம். அவள் பெயரில் நீக்க முடியும். ஆனால் நீக்கினால் வண்டியை ஓட்டப்போவது யார்? அந்தத் திறந்த வாயையும் காலில் தொங்கும் செருப்பையும் பார்த்தாள். எட்டயபுரத்துக்குப் பிறகு வண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போனது நினைவுக்கு வந்தது. எழுப்பவும் மனம் வரவில்லை, விடவும் முடியவில்லை.

பின்னால் இன்னொரு லாரி உள்ளே வந்து ஹாரன் அடித்தது. வழியை மறித்து நின்ற வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவதற்காகச் சேர்மக்கனி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். திரைக்கு மேலிருந்த சிறிய கேமரா அவர் முகத்தைப் பார்த்தது. திரை பச்சையானது.

‘சீல் நம்பர் சரி. பயணத்தைத் தொடரவும்.’

“அண்ணாச்சி, எறங்குங்க.”

“ஏம்மா, நான் ஒண்ணும் தொடலையே!”

“தெரியும். எறங்குங்க.”

அவர் இறங்கினார். மறுபடி மஞ்சள். ஏறச் சொன்னாள். பச்சை. மூன்றாம் முறை அவர் ஏறி இறங்கியபோது ஜெயசீலிக்குப் புரிந்துவிட்டது.

“என்னம்மா நடக்கு?”

“சீல்ல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இந்த மின்சீட்டு ஆளப் பாக்குது. அந்தக் கேமரா வண்டிய யாரு ஓட்டுதாங்கன்னு பாக்க வச்சது. திருட்டுக்காக. ஆனா கண்ணு எப்படிச் சொருகுது, வண்டி எப்படி ஆடுதுன்னு எல்லாம் அதுக்குத் தெரியும். சரக்கு பத்திரமா போய்ச் சேரணும்னு நாங்கதான் சொல்லிக் குடுத்தோம். எந்த வண்டி கவுந்துச்சு, எந்த வண்டி நல்லாப் போச்சுன்னு பாத்துப் பாத்து, தூங்காத டிரைவர நிறுத்தணும்னு அதுவா படிச்சிருக்கு.”

“அப்ப டிரைவருக்குத் தூக்கம்னு சொல்லி நிறுத்த வேண்டியதுதான? எதுக்குப் பொய்?”

“அப்படிச் சொல்ல அதுக்கு வழியில்ல. நிறுத்துறதுக்கு என்னென்ன காரணம் சொல்லலாம்னு நாங்க குடுத்ததுல தூக்கம் இருந்துச்சு. சரக்கு அனுப்புற கம்பெனிகள் ஒத்துக்கலன்னு எடுத்துட்டோம். சீல் தப்பா இருந்தா மட்டும் எந்தக் கம்பெனியும் கேள்வி கேக்காது. அதனால அதப் பிடிச்சுக்கிடுச்சு.”

சேர்மக்கனி திரையை ஒரு மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நம்மளவிடக் கெட்டிக்காரனா இருக்கானே” என்றார். பிறகு கதவைச் சாத்தி, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். “ஏறுங்கம்மா. கரூர்தான? என் லைசென்ஸ் இன்னும் செல்லும்.”

“தளத்த விட்டுட்டு வந்தா உங்க வேலைக்கு ஆபத்து அண்ணாச்சி.”

“ஏற்கெனவே போலீசுங்காவ. அங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு நீங்கதான பேசிக்கிட்டிருந்திய?”

வாடிப்பட்டி தாண்டும்போது நாச்சிமுத்துவின் கைபேசி விடாமல் அடித்தது. ஜெயசீலி எடுத்தாள். மறுமுனையில் அவருடைய மனைவி.

“ஏனுங்க, புள்ளைக்கு நல்லபடியா ஆச்சுங்க. பையன். இவரு அப்புச்சி ஆயிட்டாருன்னு சொல்லோணும். எங்கீங்க அவரு?”

“பின்னால தூங்கிட்டிருக்காருங்க. வேற ஆளு வண்டி ஓட்டுறாங்க. எழுப்பட்டுமா?”

மறுமுனையில் அவள் பக்கத்திலிருந்தவர்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அடக்கினாள்.

“தூங்கறாருங்களா?” என்று மெல்லக் கேட்டது அந்தக் குரல். “எழுப்பிறாதீங்க. சேதிய அப்பறமாச் சொல்லிக்கலாம்.”

மாலை வெயில் சாயும் நேரத்தில் கரூர் வந்தது. மையத்து ஆட்கள் வாசலுக்கே வந்து பெட்டிகளை வாங்கினார்கள். மூச்சு வாங்கிய அந்த அம்மாளைக் காலையிலேயே வேறு ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டும், தாமதித்துவிட்டோம், இப்போதுதான் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம் என்று செவிலி சொன்னாள். என்ன ஆகும் என்று ஜெயசீலி கேட்டாள். “தெரியல மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜெயசீலி சுவரோரமாகப் போய் நின்று கிருபாகரனுக்குப் பேசினாள். ஒன்று விடாமல் சொன்னாள். ஓட்டுநரின் தூக்கத்தை மறுபடி ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டும், அப்போது முன்கூட்டியே திட்டமிட்டு வேறு ஓட்டுநரை அனுப்பலாம், எந்த நோயாளியும் காத்திருக்க வேண்டியதில்லை என்றாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“அது எங்களுக்குத் தெரியும், ஜெயசீலி” என்றார் கடைசியில்.

“தெரியுமா?”

“இன்ஷூரன்ஸ்காரங்கதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. விபத்து கிட்டத்தட்ட நின்னு போச்சு. அவங்களுக்கு சந்தோஷம். எங்களுக்கும்தான். அது அப்படியே இருக்கட்டும்.”

“அப்புறம் என்னை எதுக்கு அனுப்புனீங்க?”

“வண்டி ஏன் நிக்குதுன்னு வாடிக்கையாளர் கேக்குறாங்க. டிரைவர் தூங்கணும்னு சொன்னா, காத்திருப்பு பூஜ்யம்னு நாம வித்தது என்ன ஆகும்? சீட்டு தானா பொய் சொல்லுதுன்னு சொன்னா எவன் அந்தச் சீட்டை நம்புவான்? ஒரு ஆள் தப்புப் பண்ணினான், எடுத்துட்டோம்னு சொன்னா எல்லாருக்கும் புரியும். அவ்வப்போது ஒரு பேரு கிடைச்சாப் போதும். இன்னைக்கு அந்த சேர்மக்கனி முகத்தைப் பாத்து மஞ்சள் மாறினது பதிவாகியிருக்கு. தளத்தையும் விட்டுட்டுப் போயிருக்காரு. அனுமதிய நிறுத்தியாச்சு. நீங்க அறிக்கையில பேரை மட்டும் போட்டு அனுப்புங்க.”

அவள் திரும்பி வந்தபோது நாச்சிமுத்து விழித்து, தகவல் தெரிந்து, முகம் கழுவிவிட்டு நின்றார். சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாத முகம். சேர்மக்கனி எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தார்.

“தூங்குய்யான்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னா தூங்க மாட்டனுங்களா?” என்றார் நாச்சிமுத்து. “எம்பட தூக்கத்துக்குப் பொய் சொல்லி, அந்தப் பொய்யால இங்கொரு உசுரு ஊசலாடி... நாங் கேட்டனா இத?”

லாரியின் திரை மணி அடித்தது. புதிய சீட்டு. கரூரிலிருந்து போர்வைப் பொதிகள், துறைமுகத்துக்கு. உடனே கிளம்ப வேண்டும். எல்லாம் பச்சை. அவர் நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டார் அல்லவா?

நாச்சிமுத்து திரையையே பார்த்தார். பரமத்தி வேலூருக்கு அங்கிருந்து பஸ்ஸில் போனால் அரைமணிப் பயணம்.

“நான் எடுத்துட்டுப் போறேன், நீரு போய்ப் பேரனப் பாரும்” என்று சேர்மக்கனி ஏறி உட்கார்ந்தார். திரை சிவப்பானது. ‘அனுமதி இல்லை.’ அவர் இறங்கினார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெயசீலியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அம்மிணி” என்றார் நாச்சிமுத்து. குரல் இறங்கியிருந்தது. “தூக்கத்துக்குப் பொய் சொல்லுதல்லோ அது. பேரனப் பாக்கறதுக்கு ஒரு பொய் நீங்க போடுங்களேன்.”

ஜெயசீலி வண்டிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். நாச்சிமுத்துவின் லாரியைத் தேடி எடுத்து, காரணங்களில் ‘சீல் நம்பர் பொருந்தவில்லை’ என்பதைத் தொட்டாள். போட்டவர் பெயர் என்று கேட்டது. அவள் தன் பெயரை அடித்தாள். பிறகு அறிக்கையைத் திறந்து, பந்தல்குடியில் இதுவரை நடந்த எல்லாவற்றுக்கும் நேரே அதே பெயரைப் போட்டு அனுப்பினாள். கிருபாகரனுக்கு வேண்டியது ஓர் ஆள்.

திரை மஞ்சளானது.

“உங்க பேரையா போட்டிய?” சேர்மக்கனி குனிந்து மடிக்கணினியைப் பார்த்தார். “ஏம்மா, உங்களுக்குக் குடும்பம் இல்லியா?”

“இருக்கு அண்ணாச்சி. அம்மாகிட்ட என்ன சொல்லணும்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.” பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தாள். “நீங்க போங்கண்ணே. என்னைய வெளிய தள்ளிட்டு அதச் சரிபண்ண அவங்களுக்கு ராத்திரி ஆயிரும்.”

அவர் போனார். போகிற வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஜெயசீலிக்கு வேலை போயிற்று. சீட்டு பொய் சொல்வது தனக்கு முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடுமோ என்று நிறுவனம் பயந்ததால் போலீஸ் வரை போகவில்லை. கரூரில் ஆம்புலன்ஸில் போன அம்மாள் பிழைத்துக்கொண்டார் என்று செவிலி ஒருநாள் குறுஞ்செய்தி அனுப்பினாள். சேர்மக்கனி மறுபடி பந்தல்குடியில் இருந்தார். தவறு செய்த ஊழியர் நீக்கப்பட்டுவிட்டார், இனிக் காத்திருப்பு பூஜ்யம் என்று விரைகதி அறிவித்தது. மஞ்சள் மட்டும் நிற்கவில்லை.

ஒரு ஞாயிறு முற்பகலில் நாச்சிமுத்து அழைத்தார். பின்னணியில் நாதஸ்வரம், பெண்களின் பேச்சு, ஒரு குழந்தையின் அழுகை.

“அம்மிணி, பேரனுக்கு இன்னைக்குப் பேரு வைக்கறம். நான் வர முடியாதுன்னுதான் சொல்லியிருந்தேன், லோடு இருந்துச்சு. நேத்து நல்லாத் தூங்கிட்டேனுங்க. கண்ணு பளிச்சுன்னு இருக்குது. ஆனா நம்மூரு பிரிவுகிட்ட வந்ததும் சீல் பொருந்தலைன்னு மஞ்சளாயிருச்சு. நீங்க பண்ணிவுட்டீங்களா?”

“நான் இப்ப அங்க வேலையிலயே இல்லண்ணே.”

“அப்பறம் ஆரு?”

ஜெயசீலி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் மின்சீட்டு படிக்கும். அன்று கரூரில், களைப்பில்லாத ஓட்டுநரை ஊருக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்ததை அது பார்த்திருக்கிறது. யார் போட்டது என்பதையும் பார்த்திருக்கிறது. அவள் அதற்கு ஒரு புதுக் காரணத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கரூர் செவிலியின் குரல் நினைவுக்கு வந்தது.

“அண்ணே, வண்டியில என்ன லோடு?”

“மருந்துங்க. ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு” என்றார் நாச்சிமுத்து. குழந்தையின் அழுகை பக்கத்தில் வந்தது. யாரோ அதை அவர் கையில் கொடுக்கிறார்கள் போலிருந்தது. “அவசரம்னு ஒண்ணும் போடல. ஏனுங்க அம்மிணி, ஆபீசுல சொல்லி மஞ்சள எடுத்துக்கிட்டுக் கெளம்பிறட்டுங்களா? இல்ல, பேரு வெச்சுட்டுப் போறதுங்களா?”

“சீட்டுல அந்த ஆஸ்பத்திரி நம்பர் இருக்கும்ணே. மொதல்ல அதச் சொல்லுங்க” என்றாள் ஜெயசீலி.